டாக்டர் ஆபீஸ் 412 டாலர் கேட்கிறது, இன்சூரன்ஸ் க்ளெய்மே வரவில்லை என்கிறது: என்ன செய்வது?

ஈரோட்டு மஞ்சள் | மே 19, காலை

டல்லாஸ் பக்கம் இருக்கிறேன், அமெரிக்கா வந்து இரண்டரை வருடம் ஆகிறது. பிப்ரவரி 11 அன்று முதல்முறையாக வருடாந்திர செக்கப்புக்குப் போனேன். கம்பெனி இன்சூரன்ஸில் அது முழுக்க இலவசம் என்று எச்.ஆர். சொல்லியிருந்தார்கள். டாக்டர் இன்-நெட்வொர்க்தானா (இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ளவர்தானா) என்று வெப்சைட்டில் பார்த்துவிட்டுத்தான் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். கவுண்டரில் கார்டை ஸ்கேன் செய்துகொண்டார்கள், கோபே (நம் பங்காக அங்கேயே கட்டும் தொகை) எதுவும் கேட்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

போன வாரம் தபாலில் 412 டாலருக்கு பில். 30 நாளில் கட்டாவிட்டால் பாக்கி வசூலிக்கும் ஏஜென்சிக்கு, அதாவது கலெக்‌ஷனுக்கு அனுப்புவோம் என்று அடியில் சிவப்பு எழுத்து. போன் செய்தால் 'உங்கள் இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது, அவர்களிடம் பேசுங்கள்' என்கிறார்கள். இன்சூரன்ஸில் 40 நிமிடம் காத்திருந்தால், 'உங்கள் பெயரில் அந்தத் தேதிக்கு எந்த க்ளெய்மும் (டாக்டர் பணம் கேட்டு அனுப்பும் மனு) எங்களுக்கு வரவில்லை' என்கிறார்கள். ஆளுக்கொரு பக்கம் கை காட்டுகிறார்கள்.

மனைவி 'கட்டித் தொலையுங்கள், கிரெடிட் ஸ்கோர் போய்விடும்' என்கிறாள். இந்த வருடம் வீட்டு லோனுக்கு விண்ணப்பிக்கிறோம். கட்டிவிடலாமா?

கொல்லிமலை | மே 19, காலை

கட்டாதீர்கள். ஈ.ஓ.பி. வந்ததா?

ஈரோட்டு மஞ்சள் | மே 19, காலை

அது என்ன?

கொல்லிமலை | மே 19, மதியம்

நான் வந்த புதிதில் அதை விளம்பரத் தபால் என்று நினைத்துக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன், அதனால் உங்களைக் கிண்டல் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. க்ளெய்ம் ஒவ்வொன்றையும் முடித்த பிறகு இன்சூரன்ஸ் உங்களுக்கு அனுப்பும் கணக்குத் தாள்தான் ஈ.ஓ.பி. 'இது பில் அல்ல' என்று அதிலேயே அச்சடித்திருப்பார்கள். டாக்டர் கேட்ட தொகை, ஒப்பந்தப்படி அனுமதித்த தொகை, இன்சூரன்ஸ் கொடுத்தது, கடைசியில் நீங்கள் கட்ட வேண்டியது என்று வரிசையாக இருக்கும். இன்-நெட்வொர்க் டாக்டர் அந்தக் கடைசிக் கட்டத்தில் உள்ள தொகைக்கு மேல் உங்களிடம் கேட்கக் கூடாது. அவர் 500 என்று போட்டு, ஒப்பந்த விலை 180 என்றால் மீதி 320 அவர் தள்ளுபடி செய்ய வேண்டியது.

உங்களுக்கு ஈ.ஓ.பி. வரவே இல்லை என்றால் கணக்கு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கணக்கு முடியாத பில்லுக்கு எந்தத் தொகையைக் கட்டப்போகிறீர்கள்?

பழைய சோறு | மே 19, மதியம்

எல்லாரும் ரொம்பப் பேசுகிறீர்கள். 412 டாலருக்காக நாலு நாள் போனில் தொங்குவதா? மணிக்கு என்ன சம்பளம் வாங்குகிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் கட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவேன். 14 வருடமாக அப்படித்தான், நிம்மதியாக இருக்கிறேன்.

கொல்லிமலை | மே 19, மதியம்

அண்ணே, உங்களைப் போல நாலு பேர் இருந்தால் போதும், அந்த ஆபீஸில் யாரும் தப்பைத் திருத்தவே மாட்டார்கள்.

ராத்திரி ஷிப்ட் | மே 19, இரவு

நான் எதிர்த்தரப்பு ஆள். சென்னை பெருங்குடியில் உட்கார்ந்துகொண்டு எட்டு வருடமாக அமெரிக்க டாக்டர்களுக்காக ஏ.ஆர். காலிங் செய்கிறேன். டாக்டருக்கு வர வேண்டிய பணம் ஏன் வரவில்லை என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போன் போட்டுக் கேட்கிற வேலை. போனில் என் பெயர் கெவின். இப்போது சாப்பாட்டு இடைவேளை, முடிந்தவரை சொல்கிறேன்.

ஈரோட்டு நண்பா, இரண்டு பக்கமும் பொய் சொல்லாமலே இப்படி ஆகலாம். எங்கள் பாஷையில் டினையல் வேறு, ரிஜெக்‌ஷன் வேறு. க்ளெய்மை வாங்கிப் பதிந்து, பரிசீலித்து, 'தர மாட்டேன்' என்று சொன்னால் அது டினையல். அதற்கு ஒரு காரணக் கோடு (குறியீட்டு எண்) இருக்கும், உங்களுக்கும் ஈ.ஓ.பி. வரும். ரிஜெக்‌ஷன் அப்படியில்லை. டாக்டர் ஆபீஸிலிருந்து போகும் க்ளெய்ம் பெரும்பாலும் கிளியரிங் ஹவுஸ் என்கிற ஒரு சல்லடை வழியாகத்தான் போகும். பெயர், பிறந்த தேதி, மெம்பர் ஐ.டி. ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் அங்கேயோ, இன்சூரன்ஸின் வாசலிலேயோ திருப்பிவிடுவார்கள். உள்ளே பதிவே ஆகாது. அதனால்தான் இன்சூரன்ஸ்காரர் 'வரவில்லை' என்கிறார்.

திருப்பிய க்ளெய்ம்கள் ஆபீஸுக்கு ஒரு ரிப்போர்ட்டாக வரும். அதைத் தினமும் திறந்து பார்த்துத் திருத்தி அனுப்ப ஓர் ஆள் வேண்டும். சின்ன ஆபீஸில் அந்த ஆள் லீவில் போனால் தீர்ந்தது. சில வாரம் கழித்து யாரோ பாக்கியைப் பேஷண்ட் பக்கம் தள்ளிவிடுவார்கள், ஸ்டேட்மென்ட் தானாக அச்சாகிவிடும். நீங்கள் கூப்பிடும்போது போனை எடுக்கும் பெண்ணுக்குத் திரையில் தெரிவது 'இன்சூரன்ஸ் பணம் 0, பேஷண்ட் பாக்கி 412' மட்டும். அவர் அதை 'மறுத்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறார்.

ஒரு கேள்வி. உங்கள் இன்சூரன்ஸ் கார்டில் பெயர் எப்படி இருக்கிறது, டாக்டர் பில்லில் எப்படி இருக்கிறது? எழுத்தெழுத்தாகப் பாருங்கள். பிறந்த தேதியையும் பாருங்கள்.

ஈரோட்டு மஞ்சள் | மே 19, இரவு

பார்த்தேன், தூக்கிவாரிப்போட்டது. கார்டில் என் பெயர் முதலில், அப்பா பெயர் லாஸ்ட் நேமாக. பில்லில் அப்படியே தலைகீழ். ஊரில் இனிஷியல் போட்டுப் பழகியவன், பாரத்தில் எந்தக் கட்டத்தில் எதை எழுதினேன் என்று சத்தியமாக நினைவில்லை. பிறந்த தேதி பில்லில் இல்லை.

மதுரை மல்லி | மே 19, இரவு

இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. என் பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலி. விசாவில் முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ. என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கமாம். மூன்று வருடம் எல்லா கிளினிக்கிலும் நர்ஸ் வெளியே வந்து 'மிஸ் ஃப்னூ' என்று கூப்பிடுவார், நானும் எழுந்து போவேன். பார்மஸியில் ஒரு பெயர், லேபில் ஒரு பெயர். இன்று வரை லேப் பில் மட்டும் ஒழுங்காக வந்ததே இல்லை.

ராத்திரி ஷிப்ட் | மே 20, அதிகாலை

ஆந்திரா பேஷண்டுக்கு வீட்டுப் பெயர், நம் ஆட்களுக்கு அப்பா பெயர். பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும். டெமோ என்ட்ரி செய்பவருக்கு, அதாவது பேஷண்ட் விவரங்களைக் கணினியில் ஏற்றுபவருக்குத் தெரியாது.

சரி, இப்போது வேலையைப் பார்ப்போம். ஆபீஸில் ரிசப்ஷனிடம் பேசி நேரத்தை வீணாக்காமல் பில்லிங் பிரிவைக் கேளுங்கள். முதல் கேள்வி: 'க்ளெய்ம் டினை ஆனதா, ரிஜெக்ட் ஆனதா? டினை என்றால் க்ளெய்ம் எண் என்ன?' இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் எதிரில் குரல் மாறும், ஏனென்றால் இதை எந்த பேஷண்டும் கேட்பதில்லை. க்ளெய்ம் எண் இல்லை என்றால் ரிஜெக்‌ஷன்தான். அப்புறம் கார்டில் உள்ளபடி பெயர், பிறந்த தேதி, மெம்பர் ஐ.டி. சொல்லித் திருத்தச் சொல்லுங்கள், திரும்ப அனுப்பச் சொல்லுங்கள். பாக்கியை உங்கள் பெயரிலிருந்து எடுத்து ஹோல்டில் வைக்கச் சொல்லுங்கள். ஹோல்டில் இருந்தால் அடுத்த ஸ்டேட்மென்ட் கிளம்பாது, கலெக்‌ஷனுக்கும் போகாது.

முரண்டு பிடித்தால், இன்சூரன்ஸுக்கு நீங்கள் போன் செய்து, அந்த லைனிலேயே டாக்டர் ஆபீஸையும் இணைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான கம்பெனிகள் செய்வார்கள். மூன்று பேரும் ஒரே லைனில் இருந்தால் கை காட்ட இடமில்லை. பேசியவர் பெயர், நேரம், கால் ரெஃபரன்ஸ் எண் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கடிகாரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. சிகிச்சை நாளிலிருந்து இத்தனை நாளுக்குள் க்ளெய்ம் வர வேண்டும் என்று இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில் இருக்கும். 90 நாள், 180 நாள், ஒரு வருடம் என்று ஆளுக்கு ஆள் மாறும். தாண்டிவிட்டால் 29-ஆம் எண் கோடில் டினை ஆகும். கோடுக்கு முன்னால் சி.ஓ. என்று இருந்தால் அது டாக்டரின் நஷ்டம், பேஷண்டிடம் கேட்க முடியாது. பி.ஆர். என்று இருந்தால்தான் பேஷண்ட் பொறுப்பு. ஆனால் தப்பான இன்சூரன்ஸ் விவரம் கொடுத்ததே பேஷண்ட்தான் என்று டாக்டர் பக்கம் நிரூபித்தால் வாக்குவாதம் இழுக்கும். உங்களுக்கு ஏற்கெனவே 90 நாளுக்கு மேல் போய்விட்டது. சும்மா இருக்க வேண்டாம்.

பழைய சோறு | மே 20, காலை

இதைத்தான் நான் நேற்றே சொன்னேன். இவ்வளவு தலைவலி.

வடகரை | மே 20, காலை

போனில் பேசும்போது ஒரு விஷயம். நம் ஆட்களுக்கு எதிரில் இருப்பவர் எது சொன்னாலும் 'ஓகே ஓகே' என்று சொல்லும் பழக்கம். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற அர்த்தத்தில் 'ம்' கொட்டுவது போலச் சொல்கிறோம், அவர்களுக்கு அது சம்மதம். என் பழைய பில் ஒன்றில் கணக்குக் குறிப்பைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது 'பேஷண்ட் கட்டுவதாக ஒப்புக்கொண்டார்' என்று எழுதியிருந்தது. நான் ஒப்புக்கொள்ளவே இல்லை, ஓகே சொன்னேன், அவ்வளவுதான்.

ராத்திரி ஷிப்ட் | மே 20, காலை

நூற்றுக்கு நூறு உண்மை. அந்தக் குறிப்பை எழுதுகிறவர்களே நாங்கள்தான். 'இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை' என்று ஒரு தடவை தெளிவாகச் சொன்னால் அதையும் எழுதித்தான் ஆக வேண்டும். பில்லில் உள்ள விலாசத்துக்கோ பேஷண்ட் போர்ட்டலிலோ எழுத்தில் அனுப்பினால் இன்னும் நல்லது.

கொல்லிமலை | மே 20, மதியம்

கிரெடிட் ஸ்கோர் பயத்துக்கு என் பங்கு. ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்ற மூன்று கிரெடிட் ரிப்போர்ட் கம்பெனிகளும் 2022 ஜூலையிலிருந்து, கலெக்‌ஷனுக்குப் போன மருத்துவ பாக்கியை ஒரு வருடம் கழித்துத்தான் ரிப்போர்ட்டில் காட்டுகின்றன. கட்டி முடித்த மருத்துவ கலெக்‌ஷனை எடுத்துவிடுகின்றன. 2023 ஏப்ரலிலிருந்து ஆரம்பத் தொகை 500 டாலருக்குக் கீழே இருந்தால் காட்டுவதே இல்லை. உங்களுடையது 412. ஆகவே அந்த சிவப்பு எழுத்தைப் பார்த்து லோன் போய்விடும் என்று நடுங்க வேண்டாம். ஆனால் கிரெடிட் கார்டில் தேய்த்துக் கட்டிவிட்டால் அது மருத்துவ பாக்கி இல்லை, சாதாரண கார்டு கடன். இந்தச் சலுகை எதுவும் அதற்குக் கிடையாது.

அப்படியே கலெக்‌ஷன் ஏஜென்சியிடமிருந்து கடிதம் வந்தாலும் 30 நாளுக்குள் எழுத்தில் மறுத்து அனுப்புங்கள். கடனை உறுதிப்படுத்தி உங்களுக்குத் தாள் அனுப்பும்வரை அவர்கள் வசூலை நிறுத்த வேண்டும் என்பது மத்தியச் சட்டம். போனில் மறுத்தால் அந்தப் பாதுகாப்பு வராது.

தஞ்சாவூர் தட்டு | மே 20, மாலை

கொஞ்சம் வேறு கதை, ஆனால் சொல்ல வேண்டும். போன வருடம் மாமனார் வந்திருந்தபோது காதில் தொந்தரவு. இன்சூரன்ஸ் எதுவும் எடுக்காமல் அழைத்து வந்திருந்தோம், எங்கள் தப்பு. ஈ.என்.டி. டாக்டரிடம் போகும் முன் கைக்காசு என்று சொன்னேன், எழுத்தில் 350 டாலர் எஸ்டிமேட் கொடுத்தார்கள். பில் 910 வந்தது. இன்சூரன்ஸ் இல்லாதவருக்கு எஸ்டிமேட்டைவிட 400 டாலரோ அதற்கு மேலோ கூடுதலாக பில் வந்தால், பில் தேதியிலிருந்து 120 நாளுக்குள் அரசாங்கத்திடம் தகராறு மனு போடலாம் என்று 2022 ஜனவரியில் அமலுக்கு வந்த சட்டத்தில் இருக்கிறது. மனுக் கட்டணம் 25 டாலர். மனு போட வேண்டிய அவசியமே வரவில்லை. எஸ்டிமேட்டைப் படம் பிடித்து, சட்டத்தின் பெயரையும் 25 டாலர் கட்டத் தயார் என்பதையும் நாலு வரியில் எழுதி அனுப்பினேன். ஆறு நாளில் 350-க்குத் திருத்தின பில் வந்தது. மாமனாருக்கு இன்றும் அந்த 350-ஐ ரூபாயில் மாற்றிச் சொல்லிப் புலம்பல்தான்.

ஈரோட்டு மஞ்சள் | மே 28, மாலை

நிலவரம் சொல்கிறேன். பில்லிங் பிரிவில் அந்தக் கேள்வியைக் கேட்டேன். குரல் மாறியது உண்மை. 'ரிஜெக்‌ஷன்தான், மார்ச் மாதமே திரும்பி வந்திருக்கிறது, யாரும் பார்க்கவில்லை' என்று ஒப்புக்கொண்டார்.

ஆனால் என் முகத்திலும் கொஞ்சம் கரி. நான் கையால் எழுதிக் கொடுத்த பாரத்தை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். பெயரை நான்தான் மாற்றி எழுதியிருக்கிறேன். பிறந்த தேதி ஏப்ரல் 7. ஊர் வழக்கத்தில் 7/4 என்று எழுதிவிட்டேன், அவர்கள் ஜூலை 4 என்று ஏற்றிவிட்டார்கள். அமெரிக்காவின் சுதந்திர தினத்தில் பிறந்த ஈரோட்டுக்காரன்! 'நீங்கள் எழுதியதுதானே' என்றார். 'கார்டையும் ஸ்கேன் செய்தீர்களே, அதில் பெயர் சரியாகத்தானே இருக்கிறது' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஹோல்டில் வைத்தார். இன்சூரன்ஸில் கேட்டதில் 180 நாள் அவகாசம் என்றார்கள். திருத்தி அனுப்பியாகிவிட்டது.

ராத்திரி ஷிப்ட் | மே 29, அதிகாலை

கார்டைச் சொல்லி மடக்கினீர்களே, அது நல்ல பாயின்ட். வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம் உங்களை.

ஈரோட்டு மஞ்சள் | ஜூன் 17, காலை

ஈ.ஓ.பி. வந்துவிட்டது. இரண்டு வரி இருக்கிறது. 99395 என்ற கோடுக்கு டாக்டர் போட்டது 248 டாலர், நான் கட்ட வேண்டியது 0. அடுத்தது 99213, பக்கத்தில் 25. போட்டது 164, அனுமதித்தது 94.60, அது முழுக்க டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்கும் முன் வருடத்துக்கு நாமே கட்ட வேண்டிய தொகை) என்று என் தலையில். செக்கப் இலவசம் என்றார்களே, இது எங்கிருந்து வந்தது? இதையும் எதிர்க்கட்டுமா?

வடகரை | ஜூன் 17, காலை

எதிர்த்துவிடுங்கள். இது வழக்கமான கொள்ளை. நாலு நிமிடம் பேசிவிட்டு இரண்டு விசிட் போடுவார்கள்.

மதுரை மல்லி | ஜூன் 17, மதியம்

கொஞ்சம் பொறுங்கள். நான் ஒரு கிளினிக்கில் நர்ஸ். 99395 என்பது 18 முதல் 39 வயது வரை உள்ளவர்களுக்கான, ஏற்கெனவே அந்தக் கிளினிக்கில் பார்த்த பேஷண்டின் வருடாந்திர செக்கப். 99213 என்பது நோய்க்காகப் பார்க்கும் விசிட். செக்கப் நடுவில் தனியாக ஒரு பிரச்சினையைப் பார்த்து, அதற்கு முடிவெடுத்து வைத்தியம் சொன்னால் இரண்டையும் போடலாம், அதைக் குறிக்கத்தான் அந்த 25. ஒரு தொந்தரவைப் பேச்சுவாக்கில் சொன்னதற்கெல்லாம் போட முடியாது. 'எவ்வளவு நேரம் பேசினார்' என்பதை மட்டும் வைத்தும் வாதாட முடியாது. 2021-க்குப் பிறகு நேரத்தை வைத்தும் போடலாம், மருத்துவ முடிவு எவ்வளவு சிக்கலானது என்பதை வைத்தும் போடலாம்.

அன்று டாக்டரிடம் வேறு ஏதாவது கேட்டீர்களா? புது மாத்திரை எழுதினாரா?

ராத்திரி ஷிப்ட் | ஜூன் 17, இரவு

அக்கா சொன்ன வரியில் எனக்கு ஒன்று இடிக்கிறது. 'ஏற்கெனவே பார்த்த பேஷண்ட்'. ஈரோட்டு நண்பர் முதல்முறையாகப் போனதாக எழுதியிருந்தார். மூன்று வருடத்துக்குள் அந்த டாக்டரையோ, அதே குழுவில் அதே பிரிவு டாக்டரையோ பார்க்காதவருக்கு 99385 போட வேண்டும். அதற்கு விலை கூடுதல், உங்களுக்கு எப்படியும் 0. நோய் விசிட் பக்கம் இது உங்களுக்கு உதவாது, புது பேஷண்ட் கோடு போட்டால் பில் இன்னும் ஏறும். கிளறாமல் விடுவது நல்லது என்பேன். அதிகாரபூர்வமாக நான் இதைச் சொல்லவில்லை.

ஈரோட்டு மஞ்சள் | ஜூன் 17, இரவு

செக்கப்புக்கு முதல்முறை என்றுதான் எழுத நினைத்தேன். போன செப்டம்பரில் ஃப்ளூ காய்ச்சலுக்கு அதே கிளினிக்கில் வேறொரு டாக்டரைப் பார்த்திருக்கிறேன். அப்போது மனைவி பாரம் எழுதினாள், அதனால் பில் ஒழுங்காக வந்துவிட்டது போல.

மல்லி அக்கா, ஆமாம். நாலு மாதமாக நெஞ்செரிச்சல் என்று சொன்னேன். காபி, இரவுச் சாப்பாடு, தூக்கம் என்று ரொம்பக் கேட்டார். பான்டாபிரசோல் எட்டு வாரத்துக்கு எழுதினார். இப்போது நெஞ்செரிச்சல் இல்லை.

மதுரை மல்லி | ஜூன் 17, இரவு

அப்படியென்றால் அந்த 94.60 நியாயமான பில் தம்பி. மாத்திரையே எழுதாமல், பிரஷர் மட்டும் பார்த்துவிட்டு 25 போட்டிருந்தால் உங்கள் பக்கம் நின்று நானே சண்டைக்கு வந்திருப்பேன். சந்தேகமாக இருந்தால் அன்றைய விசிட் குறிப்பை போர்ட்டலில் எடுத்துப் படியுங்கள், அதைப் பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. நெஞ்செரிச்சலைப் பற்றித் தனியாக எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

வடகரை | ஜூன் 18, காலை

இருந்தாலும் கவுண்டரிலேயே 'இதைக் கேட்டால் தனி பில் வரும்' என்று ஒரு வார்த்தை சொல்லலாமே.

மதுரை மல்லி | ஜூன் 18, காலை

சொல்லலாம். எங்கள் கிளினிக்கில் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோம். யாரும் படிப்பதில்லை என்பது வேறு.

ஈரோட்டு மஞ்சள் | ஜூன் 20, மாலை

குறிப்பைப் படித்தேன், நெஞ்செரிச்சலுக்குத் தனிப் பத்தி இருக்கிறது. 94.60 கட்டிவிட்டேன். பாக்கி 0 என்று எழுத்தில் வாங்கிக்கொண்டேன்.

பழைய சோறு | ஜூலை 2, இரவு

இந்த இழையைப் படித்த பாவத்துக்கு நேற்று பழைய பில்களை எடுத்து இன்சூரன்ஸ் வெப்சைட்டில் ஈ.ஓ.பி.யோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். 2023-இல் மகளின் தோல் டாக்டருக்கு 230 கட்டியிருக்கிறேன். ஈ.ஓ.பி.யில் என் பங்கு 50. யாரும் சிரிக்க வேண்டாம். இப்போது கேட்டால் தருவார்களா?

ராத்திரி ஷிப்ட் | ஜூலை 3, அதிகாலை

சிரிக்கவில்லை அண்ணே, கொஞ்சம்தான். அந்த 180 அவர்கள் கணக்கில் கிரெடிட் பேலன்ஸ், அதாவது கூடுதலாக வந்த பணம் என்று உட்கார்ந்திருக்கும். நீங்கள் கேட்காதவரை அது அங்கேயே இருக்க வாய்ப்பு அதிகம். ஈ.ஓ.பி.யையும் பணம் கட்டிய ரசீதையும் இணைத்து பில்லிங் மேனேஜருக்கு எழுதுங்கள். இழுத்தடித்தால் இன்சூரன்ஸில் புகார் கொடுங்கள், இன்-நெட்வொர்க் டாக்டர் கூடுதலாக வாங்கினார் என்று. அவர்களுக்கு அந்த டாக்டரோடு ஒப்பந்தம் இருக்கிறது, ஆபீஸ் பயப்படும்.

பழைய சோறு | ஆகஸ்ட் 6, காலை

180 டாலர் செக் வந்துவிட்டது. பெயர் தலைகீழாக அடித்திருக்கிறார்கள். பேங்கில் வாங்குவார்களா?

மதுரை மல்லி | ஆகஸ்ட் 6, காலை

பின்னால் செக்கில் உள்ளபடி ஒரு கையெழுத்து, அதற்குக் கீழே உங்கள் சரியான பெயரில் ஒரு கையெழுத்து. எனக்கு 'ஃப்னூ' செக்கையே வாங்கியிருக்கிறார்கள்.